பழைய மினி டிராக்டரை வீட்டிலேயே ஓட வைப்பது: ஆர்.சி. புத்தகத்திலிருந்து கடைசிக் கோட் பெயிண்ட் வரை

தென்னந்தோப்புக்குள் பெரிய டிராக்டர் நுழையலாம். ஆனால் ஊடுபயிராகக் கோகோவோ ஜாதிக்காயோ வைத்துவிட்டால் அப்புறம் மினி டிராக்டர்தான் கதி. புதிதாக வாங்கக் கை கொடுக்காதவர்கள் எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் பழைய வண்டியை வாங்கிச் சரிசெய்து ஓட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் ஒரு பழைய வி.எஸ்.டி. சக்தி எம்.டி. 180 டி வண்டியை வீட்டுக் கொட்டகையில் வைத்து ஓட வைத்தேன். பட்ட சிரமத்தில் பாதி, எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்று சொல்ல ஆள் இல்லாததால் வந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். காகிதம், பாகம், டீசல், தண்ணீர், கரண்ட் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் இன்ஜினில் கை வைக்க வேண்டும். பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி.

பொதுவாக 15 முதல் 20 எச்.பி. வரையுள்ள எந்தச் சிறு டீசல் டிராக்டருக்கும் இது பொருந்தும். மூன்று சிலிண்டர் எம்.டி. 180 ஆனாலும் சரி, ஒற்றை சிலிண்டர் மகிந்திரா யுவராஜ் 215 ஆனாலும் சரி, வரிசை ஒன்றுதான்.

1. கணக்குப் போடுங்கள், பாகம் கிடைக்குமா என்று கேளுங்கள்

2025 செப்டம்பரில் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. டிராக்டர் டயர், டியூப், பல உதிரிபாகங்களுக்கு 18 இருந்தது 5 ஆனது. அதனால் புது வண்டியின் இன்றைய விலையை ஷோரூமில் கேட்டுக்கொள்ளாமல் பழையதற்கு விலை பேசாதீர்கள். வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் உங்களுக்குக் கிடைக்குமா என்பதையும் உழவன் செயலியில் பார்த்துவிடுங்கள். சிறு, குறு விவசாயிக்கு மானியம் கிடைத்தால் கணக்கே மாறிவிடும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: வாங்கும் விலையும் சரிசெய்யும் செலவும் சேர்ந்து புது வண்டி விலையில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டும் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது பாகம். மாடல் பெயரையும் இன்ஜின் நம்பரையும் குறித்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போன் போட்டு ஐந்து பொருளைக் கேளுங்கள்: ஹெட் கேஸ்கெட், பிஸ்டன் ரிங் செட், கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப், லிஃப்ட்டின் (கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் அமைப்பின்) சீல் கிட். இவை கையிருப்பில் இருந்தாலோ, வரவழைத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் நாள் சொன்னாலோ போதும். "பார்க்கலாம் சார்" என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தால் அந்த மாடல் வேண்டாம். பளபளவென்று நின்றாலும் பாகம் கிடைக்காத வண்டி கொட்டகையில்தான் நிற்கும்.

2. வண்டியைப் பார்க்கப் போகும்போது

போனதும் இன்ஜினில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகுமா என்பதுதான் கம்ப்ரஷனுக்கான (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் வலுவுக்கான) முதல் சோதனை. "நாளைக்குக் காலையில் வருகிறேன், ஸ்டார்ட் பண்ணாமல் வைங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஸ்டார்ட் ஆனபின் புகையைக் கவனியுங்கள். முதல் சில நிமிடம் வரும் வெண்புகை அடங்கிவிட்டால் பயமில்லை. சூடான பிறகும் டீசல் வாடையோடு வெண்புகை வந்துகொண்டே இருந்தால் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்), டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்), கம்ப்ரஷன் மூன்றில் ஒன்றில் கோளாறு. வெண்புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை பெரும்பாலும் அடைத்த ஏர் ஃபில்டர் அல்லது சொட்டும் நாசில். இது செலவு குறைந்த கோளாறு, பயப்பட வேண்டியதில்லை.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். இன்ஜின் ஓடும்போது அங்கிருந்து குப்குப்பென்று புகை தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர் பாக்ஸ் ஆயிலையும் இப்படியே பாருங்கள். சேற்று உழவில் ஓடிய வண்டிகளில் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கும்.

கலப்பையையோ ரொட்டவேட்டரையோ மாட்டி, தூக்கிவிட்டு இன்ஜினை நிறுத்துங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் பரவாயில்லை. தரையைத் தொட்டிருந்தால் லிஃப்ட்டில் வேலை இருக்கிறது. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கியரிலும் லோடோடு ஓட்டி, கியர் தானாகக் கழல்கிறதா என்று பாருங்கள். கியர் கழலும் வண்டியை வீட்டில் சரிசெய்வது புதியவருக்கு ஆகாது.

3. காகிதம்: முன்பணம் கொடுக்கும் முன்பே

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். இன்ஜின் கோளாறுக்குக் காசு செலவழித்தால் தீர்வு உண்டு. காகிதக் கோளாறுக்கு விற்றவரின் கையெழுத்து வேண்டும். பணம் கைமாறிய பிறகு அவரைப் பிடிப்பது பெரும்பாடு.

முதலில் பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர், பதிவு முடியும் தேதி, இன்சூரன்ஸ், கடன் குறிப்பு எல்லாம் வரும். பிறகு வண்டியில் உள்ள சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வயர் பிரஷ்ஷால் தேய்த்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பழைய வண்டிகளில் இன்ஜின் மாற்றியிருப்பார்கள், ஆர்.சி.யில் மாற்றியிருக்க மாட்டார்கள். அப்படியிருந்தால் விற்பவரே அதைச் சரிசெய்து தரட்டும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 இரண்டும் வேண்டும். படிவம் 29-இல் இரண்டு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கூடவே அசல் ஆர்.சி., நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, சேசிஸ் நம்பரின் பென்சில் தடம். வேறு ஏதாவது கேட்பார்களா என்று உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்றால்:

கடன். பத்து வருடத்துக்கு முன்பே கட்டி முடித்த டிராக்டர் கடனாக இருக்கும். ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே நிற்கும். வங்கியிலிருந்து தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் வாங்கி அதை நீக்காமல் பெயர் மாறாது. என் வண்டியில் இதுதான் சிக்கல். கடன் கொடுத்த கிளை வேறொரு கிளையோடு இணைந்துவிட்டிருந்ததால், பழைய கணக்கைத் தேடி எடுக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த வேலையை விற்பவரிடமே விடுங்கள். முடித்துத் தந்த பிறகு பாக்கிப் பணம் கொடுங்கள்.

உரிமையாளர் காலமாகியிருப்பது. "அப்பா பேர்ல இருக்குங்க, கையெழுத்து நாங்க போட்டுத் தர்றோம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு படிவம் 31 கொடுத்து முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதன்பிறகுதான் உங்கள் பெயருக்கு வரும். வாரிசுகள் நான்கு பேர் என்றால் மற்ற மூவரின் சம்மதக் கடிதமும் தேவைப்படும்.

கேரள வண்டி. பாலக்காட்டு எல்லை பக்கத்தில் இருப்பதால் எங்கள் ஊரில் இது சகஜம். அங்கே படிவம் 28-இல் என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) வாங்கி வந்து, இங்கே படிவம் 27-இல் புது எண் போட வேண்டும். விலை மலிவு என்று பார்த்தால் நாளும் அலைச்சலும் கூடுகிறது.

பதினைந்து வருடம் தாண்டியது. விவசாய டிராக்டரின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். தாண்டினால் வண்டியை உடைத்துப் போட வேண்டும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அப்படியில்லை. படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டித் தேறினால் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பழைய வண்டிக்கான கட்டணங்கள் அண்மையில் ஏறியிருக்கின்றன. பரிவாகன் தளத்தில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டுக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு அதையும் விலைப் பேச்சில் சேருங்கள். பதிவு முடிந்த வண்டி என்றால் ஆய்வுக்கு அது ஓடியாக வேண்டும், விளக்கு எரிய வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும். அதனால் புதுப்பிப்பதைப் பழுது வேலை முடியும் காலத்தோடு பொருத்தித் திட்டமிடுங்கள்.

டிரெய்லர் சேர்த்து வாங்கினால் அதற்குத் தனியாக ஆர்.சி., தனியாக இன்சூரன்ஸ். கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸ் இந்தச் சிறு டிராக்டருக்குப் போதும்.

4. இடமும் கருவியும்

சிமென்ட் தரை வேண்டும். மண் தரையில் ஜாக்கி போடாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் அடியில் கனமான பலகை போடுங்கள். ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் முட்டு வைக்காமல் விரலைக்கூட நீட்டக் கூடாது. பனங்கட்டையோ பழைய ரயில் கட்டையோ அடுக்கினால் நன்றாகத் தாங்கும். ஹாலோ பிளாக், செங்கல் அடுக்குவது ஆபத்து. அவை முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும்.

ஸ்பேனர் செட், பாக்ஸ் செட், டார்க் ரென்ச், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், கிரீஸ் கன். டார்க் ரென்ச்சை மட்டும் வாடகைக்கோ நண்பரிடமோ வாங்கிக்கொள்ளலாம், மற்றவை சொந்தமாக இருக்கட்டும். அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தை எப்பாடுபட்டாவது தேடிப் பிடியுங்கள். ஹெட் போல்ட்டின் இறுக்கமும் வால்வு இடைவெளியும் மெக்கானிக்குக்கு மெக்கானிக் வேறு வேறாகச் சொல்வார்கள். புத்தகத்தில் உள்ளதைப் பின்பற்றுங்கள்.

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளை அந்தந்தப் பாகத்தின் பெயர் எழுதிய பழைய டப்பாக்களில் போடுங்கள். வேலை ஒரு மாதம் நின்றுபோய்த் திரும்பத் தொடங்கும்போது இதன் அருமை தெரியும்.

5. கழுவிவிட்டுப் பாருங்கள்

பேட்டரியின் எர்த் வயரை முதலில் கழற்றிவிட்டு வண்டியைக் கழுவுங்கள். டீசலும் பிரஷ்ஷும் போட்டு ஊறவைத்துச் சுரண்டினால் பல வருட எண்ணெய் அழுக்கு வந்துவிடும். செல்ஃப் மோட்டார், டைனமோ, ஏர் ஃபில்டர் வாய் மூன்றையும் பிளாஸ்டிக் கவரால் கட்டிவிட்டு, அதிக அழுத்தமில்லாமல் தண்ணீர் அடியுங்கள். காய்ந்த பிறகு எங்கே புதிதாகக் கசிகிறது என்று கவனித்து எழுதி வையுங்கள். அழுக்கு மூடிய வண்டியில் எல்லா இடமும் கசிவது போலத்தான் தெரியும்.

ரொம்ப நாள் நின்ற வண்டி என்றால் உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். முதலில் ஃபேன் பெல்ட் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இன்ஜின் ஜாம் ஆகியிருந்தால் நாசிலைக் கழற்றிச் சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் போல்ட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்வார்கள். இழுத்தால் ரிங் உடையும், ராட் வளையும். சுற்ற ஆரம்பித்ததும் நாசிலைப் பூட்டும் முன் சிலிண்டரில் மிஞ்சிய ஆயிலை வெளியே தள்ளவிட மறக்காதீர்கள்.

6. டீசல் வழி: பாதி வண்டிகள் இங்கேயே பிழைத்துவிடும்

"இன்ஜின் போச்சு, முழுசாப் பிரிக்கணும்" என்று ஒரு பட்டறையில் என் வண்டிக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு. அந்த இடத்தில் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஹோஸை மாற்ற ஆன செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுகூட இல்லை. அதனால்தான் இன்ஜினைத் திறக்கும் முன் இந்தப் பகுதியை ஒரு அங்குலம் விடாமல் பாருங்கள் என்கிறேன்.

டேங்கை இறக்கி முழுவதும் காலி செய்யுங்கள். அடியில் தண்ணீரும் துருவும் கறுப்பு வழவழப்பும் இருக்கும். சுத்தமான டீசல் ஊற்றிக் குலுக்கிக் குலுக்கிக் கொட்டுங்கள். டேங்க் வாயில் உள்ள சிறு சல்லடையைப் பாருங்கள். டேங்க் மூடியில் காற்றுத் துளை இருக்கும். அதில் மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். இந்தத் துளை அடைத்தால் வண்டி கால் மணி நேரம் நன்றாக ஓடும், பிறகு மூச்சு வாங்கி நிற்கும், கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். இந்த அறிகுறிக்கு டீசல் பம்பையே கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் ஃபில்டருக்கு முன்னால் தற்காலிகமாக ஒளி ஊடுருவும் ஹோஸ் ஒன்று மாட்டிப் பாருங்கள். குமிழ் ஓடினால் இன்னும் காற்று வருகிறது. ஃபில்டரையும் அதன் வாஷரையும் மாற்றுங்கள். பழைய செம்பு வாஷரைத் திருப்பிப் போடுவது மிச்சம் போலத் தெரியும், பிறகு அங்கிருந்தே கசியும்.

இனி ஏர் எடுக்க, அதாவது டீசல் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும். ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். கையால் அடிக்கும் பிரைமர் இருந்தால் அடியுங்கள், இல்லாவிட்டால் டேங்க் உயரத்தில் இருப்பதால் தானாகவே இறங்கும். முதலில் புஸ்ஸென்று காற்று, அப்புறம் நுரைத்த டீசல், அப்புறம் நுரையும் குமிழும் கலந்து விட்டுவிட்டு வரும். அங்கே அவசரப்பட்டு மூடாதீர்கள். குமிழே இல்லாமல் ஒரே தாரையாக வழிந்த பிறகு, அது வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். அடுத்து டீசல் பம்பில் உள்ள ஸ்க்ரூ, இதே முறை. கடைசியாக நாசில் பக்கத்து பைப் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடியுங்கள். நட்டைச் சுற்றி டீசல் துடித்துத் துடித்து வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். மூன்று சிலிண்டர் வண்டியில் மூன்றாவதை இறுக்கும் முன்பே இன்ஜின் பிடித்துவிடும்.

செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் அழுத்த வேண்டாம், ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள். நாசிலிலிருந்து பீய்ச்சும் டீசலுக்கு முன்னால் கையை நீட்டவே கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால் சின்னக் குத்துப் புள்ளியாகத்தான் தெரியும். ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்.

நாசிலையும் பம்பையும் வீட்டில் பிரிக்காதீர்கள். டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் கொடுத்து டெஸ்ட் செய்து வாங்குங்கள். கோவை, பொள்ளாச்சியில் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. நாசில் மட்டும் என்றால் அன்றைக்கே தருவார்கள், பம்ப் என்றால் சில நாள் ஆகும்.

7. காற்று, தண்ணீர், ஆயில், கரண்ட்

ஆயில் பாத் ஏர் ஃபில்டர் (தூசியை ஆயிலில் பிடித்துக்கொள்ளும் வகை) இருந்தால் கிண்ணத்தைக் கழுவிக் குறி வரைக்கும் மட்டும் ஆயில் ஊற்றுங்கள். அதிகமாக ஊற்றினால் இன்ஜின் அந்த ஆயிலையே இழுத்து எரித்து, கட்டுப்பாடில்லாமல் வேகமெடுக்கும். நிறுத்தக் கம்பியை இழுத்தாலும் நிற்காது. பழுது பார்த்த வண்டியை முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது ஏர் ஃபில்டர் வாயை மூடும் அளவுக்கு ஒரு தட்டைப் பலகை பக்கத்தில் வைத்திருங்கள். வேகம் மீறினால் பலகையால் மூட வேண்டும், கையாலோ துணியாலோ கூடாது.

ரேடியேட்டரின் உள்ளே தண்ணீர் தடையில்லாமல் ஓடுவது மட்டும் போதாது. வெளிப்பக்க மடிப்புகளில் தென்னந்தூசியும் உமியும் அடைத்திருக்கும். ஃபேன் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி தண்ணீர் அடியுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் ஊற்றுங்கள். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரில் ரேடியேட்டர் ஒரே வருடத்தில் காறை பிடித்துவிடும்.

இன்ஜின் ஆயிலுக்கு 15டபிள்யூ-40 டீசல் ஆயில் பொதுவாகப் பொருந்தும், புத்தகத்தில் வேறு சொல்லியிருந்தால் அதையே போடுங்கள். வடித்த பழைய ஆயிலைத் தோப்பில் ஊற்றாதீர்கள், கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும். கேனில் சேர்த்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.

கரண்ட் விஷயத்தில் எலி பெரிய எதிரி. வயரிங்கில் ஆங்காங்கே ஒட்டுப் போடுவதை விட முழு வயரிங்கையும் மாற்றுவது நல்லது. சிறு டிராக்டரில் வயரே கொஞ்சம்தான். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் புது பேட்டரி வாங்கும் முன் எர்த் வயரைப் பாருங்கள். சேசிஸில் அது பிடிக்கும் இடத்தைப் பளிச்சென்று தேய்த்துவிட்டு இறுக்கினாலே பல வண்டி சரியாகிவிடும். நல்ல பேட்டரி நிற்கும்போது 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஹீட்டர் பிளக் உள்ள மாடல் என்றால் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் பாருங்கள். காலை ஸ்டார்ட்டிங் தொல்லைக்கு அவையும் காரணமாக இருக்கும்.

8. இன்ஜினைத் திறப்பதா வேண்டாமா

மேலே சொன்னதெல்லாம் முடித்தும் நீலப்புகை, ஆயில் மூடியில் புகை, காலையில் ஸ்டார்ட் ஆகாமை மூன்றும் சேர்ந்திருந்தால் திறக்கலாம். அதற்கு முன் வால்வு இடைவெளியைச் சரிசெய்து ஒருமுறை பாருங்கள். கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்துவிடுவது அதைவிட நல்லது. ஒரு சிலிண்டர் மட்டும் குறைவா, எல்லாமே குறைவா என்பதைப் பொறுத்துச் செலவு மாறும்.

ஹெட்டைக் கழற்றுவது, பிஸ்டனை எடுப்பது வரை வீட்டில் செய்யலாம். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) அளப்பது, ஹெட் ஃபேசிங், வால்வு சீட் வெட்டுவது, கிராங்க் கிரைண்டிங் எல்லாம் லேத் பட்டறை வேலை. லேத்துக்குக் கொடுக்கும் முன் பிஸ்டன் எந்த ஓவர்சைஸில் (வழக்கத்தைவிடப் பெரிய அளவில்), பேரிங் எந்த அண்டர்சைஸில் (தேய்த்துச் சிறிதான கிராங்குக்குப் பொருந்தும் அளவில்) கடையில் கிடைக்கிறது என்று உறுதி செய்யுங்கள். கிரைண்ட் செய்து முடித்த கிராங்குக்கு அந்த அளவு பேரிங் கிடைக்காவிட்டால் இரண்டும் வீண். முடிந்தால் பிஸ்டனை வாங்கி லேத்காரர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், அதற்கேற்றபடி போர் போடுவார்.

போலிப் பாகத்தில் ஏமாறும் இடமும் இதுதான். பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் கேஸ்கெட் நான்கையும் பில்லோடு வாங்குங்கள். பம்பர், சீட், விளக்கு போன்றவற்றில் விலை குறைந்தது வாங்கிக்கொள்ளலாம்.

9. கிளட்ச், பிரேக், லிஃப்ட்

கிளட்ச் பிளேட் மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். இதைத் தனியாகச் செய்யாதீர்கள். முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் ஆடும்படி இருப்பதால், பிரித்ததும் முன் பாதி ஒரு பக்கமாகக் கவிழும். ஆக்சிலுக்கும் பாடிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து ஆட்டத்தை நிறுத்திவிட்டு, இரு பாதிக்கும் தனித்தனியாக முட்டு வைத்த பிறகே போல்ட்டைக் கழற்றுங்கள். பிரித்ததும் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பின்பக்க ஆயில் சீல் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். சீல் ஒன்றுக்காக இன்னொரு தரம் பிரிக்க யாருக்கும் தெம்பு இருக்காது. பிளேட்டை நடுவில் நிறுத்த லேத்தில் ஒரு மர உருளை கடைந்து வாங்கிக்கொண்டால் சேர்க்கும்போது சுலபமாக உட்காரும். கிளட்ச், பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

லிஃப்ட் தூக்கவில்லையென்றால் முதலில் ஆயில் அளவு, அடுத்து ஃபில்டர், அதன்பின் பம்புக்குப் போகும் பைப்பின் ஓ-ரிங். பம்பைச் சந்தேகிப்பது நான்காவதுதான். பிரேக்கில் இடது வலது பெடல் இரண்டும் சமமாகப் பிடிக்க வேண்டும். ரோட்டில் போகும்போது இரண்டையும் சேர்த்துக் கொக்கி போடுங்கள்.

பி.டி.ஓ. தண்டின் (ரொட்டவேட்டர் போன்றவற்றுக்கு இன்ஜின் சக்தியைக் கொடுக்கும் சுழல் தண்டின்) மேல்மூடி காணாமல் போயிருந்தால் தகரத்திலாவது செய்து மாட்டிவிட்டுத்தான் வண்டியை வயலில் இறக்க வேண்டும். வேட்டி நுனி சுற்றினால் நிறுத்த நேரம் கிடைக்காது.

10. செலவும் காலமும்

எங்கள் பக்கத்து விலைவாசியை வைத்துத் தோராயமாகச் சொல்கிறேன். டீசல் வழி, ஃபில்டர்கள், ஆயில், கூலன்ட், ஹோஸ், பெல்ட் எல்லாம் சேர்த்து ஐந்தாயிரம் முதல் எட்டாயிரம். பேட்டரி நான்காயிரம் முதல் ஆறாயிரம். நாசில், பம்ப் சர்வீஸ் பத்தாயிரத்துக்குள். கிளட்ச் வேலை கூலி இல்லாமல் எட்டாயிரம் முதல் பன்னிரண்டாயிரம். இன்ஜினைத் திறந்துவிட்டால் லேத் கூலியும் பாகமும் சேர்த்து முப்பதாயிரத்தில் ஆரம்பிக்கும், கிராங்க் வரை போனால் ஐம்பதாயிரத்தைத் தொடும். நான்கு டயரும் மாற்ற வேண்டுமென்றால் அதைத் தனியாக விசாரித்து, வாங்கும் விலையிலேயே கழித்துவிடுங்கள். எந்தக் கணக்குப் போட்டாலும் அதன்மேல் கால் பங்கு ஒதுக்கி வையுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை மாசியில் ஆரம்பியுங்கள். இன்ஜின் திறக்காத வேலை என்றால் ஓய்வு நாட்களில் மட்டும் பார்த்தாலும் ஒன்றரை மாதத்தில் முடியும். திறந்தால் மூன்று மாதம். அதில் பாதி நாள் லேத்திலும் பாகம் வருவதற்கும்தான் போகும். வைகாசிக்குள் முடித்தால் தென்மேற்கு மழைக்கும் ஆடிப் பட்டத்துக்கும் வண்டி தயார். ஆனியில் ஆரம்பித்தால் மெக்கானிக் யாரும் கிடைக்க மாட்டார்கள், எல்லோரும் வயலில் நின்றுபோன வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

11. பெயிண்ட், பிறகு பழக்கி ஓட்டுதல்

முதலில் பெயிண்ட் அடித்துவிட்டு அப்புறம் வேலை பார்ப்பவர்கள் இரண்டு முறை பெயிண்ட் அடிக்கிறார்கள். கசிவெல்லாம் நின்று சில நாள் ஓடிய பிறகு அடியுங்கள். துருவை வயர் பிரஷ், எமரி போட்டுத் தேய்த்து, தின்னரால் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர், அதன்மேல் எனாமல் இரண்டு கோட். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் உள்ள இடத்தை டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள், ஆர்.டி.ஓ. ஆய்வில் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். ஆர்.சி.யில் உள்ள நிறத்தையே அடித்தால் இன்னொரு படிவம் மிச்சம்.

இன்ஜின் திறந்த வண்டியை முதல் 50 மணி நேரம் லேசான வேலைக்கு மட்டும் விடுங்கள். காலி டிரெய்லர், மேலோட்டமான உழவு போதும், ரொட்டவேட்டர் வேண்டாம். ரொம்ப நேரம் ஐடிலில் நிறுத்தி வைப்பதும் நல்லதில்லை, ரிங் உட்காராது. ஸ்டார்ட் ஆனதும் ஆயில் விளக்கு சில வினாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். புத்தகம் சொன்னால் ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்கி வால்வு இடைவெளியைச் சரிபாருங்கள். 50 மணி நேரம் ஆனதும் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். வடித்த ஆயிலைக் காந்தம் போட்டுக் கிளறிப் பாருங்கள்: மாவு போல ஒட்டினால் புதுப் பாகம் தேய்ந்து பழகுகிறது, துண்டு துண்டாக ஒட்டினால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.